எடை (ஓட்டும் நிலையில்)

எங்கள் நிறுவனம் அதிவேகக் கார்களைச் செய்கிறது. பதினோரு வருடமாகச் செய்கிறது. இன்னும் ஒன்றுகூட விற்கவில்லையே என்று வெளியாட்கள் கேட்பார்கள். விற்றுவிட்டால் அது வெறும் கார், விற்காதவரைதான் அது முன்மாதிரி, காரை எவன் வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாம் என்பது எங்கள் தலைவரின் பதில். அதனால் கொட்டகைக்குள் யாரும் கார் என்று சொல்லக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் வாய்தவறிச் சொல்லிவிட்டு, அரைநாள் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பரிணாம வளர்ச்சியைக் கவனித்துக்கொள்கிறார்கள். புதிய முன்மாதிரி என்றால் புதிதாக ஒன்று செய்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிற ஒரே வண்டியைக் கழற்றித் துடைத்து மாட்டி, பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை மாற்றுவோம். மறுநாள் அதை முற்றத்தில் இருக்கும் எடைமேடையில் ஏற்றி நிறுத்துவோம். போன முறையைவிட எடை குறைந்திருந்தால் தலைவர் பேசுவார், எல்லோரும் கைதட்டுவோம், கேக் வெட்டப்படும். பெயிண்ட் அடிக்கும் அறைக்கு முன்பே எடைமேடையைக் கட்டிய நிறுவனம் எங்களுடையது. பெயிண்ட் அறை இன்னும் கட்டவில்லை.

என் வேலை படிவம் நிரப்புவது. நடந்த அத்தனைக்கும் நான் எழுதிய இரண்டு சொல்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதல் முன்மாதிரியை எடைமேடைக்கு ஓட்டி வந்தவர் எங்கள் சோதனை ஓட்டுநர். எண்பத்து நான்கு கிலோ. கதவைத் திறந்துகொண்டு நின்றால் கதவு தெரியாது. எல்லோரும் அவரைப் பயில்வான் என்போம். வண்டி நின்றதும் அவர் இறங்கியிருக்க வேண்டும். அன்று நல்ல மழை, கதவும் சிக்கிக்கொண்டது, உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மேடை ஆயிரத்து முந்நூறு என்று காட்டியது. பக்கத்தில் தலைவர் குடையோடு நிற்கிறார், நாலு பேர் படம் பிடிக்கிறார்கள். ஆளோடு சேர்த்துத்தான் இந்த எடை என்று அந்த நேரத்தில் எப்படி எழுதுவது? எடை என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஓட்டும் நிலையில்’ என்று போட்டேன். பொய் சொன்னதாகவும் ஆகாது, மாட்டிக்கொண்டதாகவும் ஆகாது. தலைவருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார். அதற்கப்புறம் அதைத் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்கும்தான்.

பயில்வான் இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். அவர் எங்களிடம் சேர்ந்தது ஒரே ஒரு வாக்குறுதிக்காக. எங்கள் கேட்டுக்கு வெளியே நாலு கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை ஒன்று போகிறது. வாங்க ஆள் வரும் நாளில், அந்தச் சாலையில் முழு வேகத்தில் முதல் ஓட்டம் அவருக்குத்தான் என்று தலைவர் சொல்லியிருந்தார். அதுவரை கொட்டகையிலிருந்து எடைமேடை வரை ஓட்டினால் போதும். அறுபது தப்படி. முதல் கியர்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். “பதினெட்டு வருஷமா எல்லாரும் என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிருக்காங்க தம்பி. சைக்கிள்காரன் உள்பட. ஒரே ஒரு தடவை நான் பண்ணிப் பாக்கணும்.”

இரண்டாவது முன்மாதிரிக்குச் சற்று முன்பு அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுத்து எழுந்ததில் ஆறு கிலோ போய்விட்டது. வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மேடை ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று காட்டியது. தலைவர் கண் கலங்கிவிட்டார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“ஆறு கிலோ. நாலே மாசத்துல ஆறு கிலோ. எதை எடுத்தீங்கன்னு கேப்பாங்க. தேவையில்லாததை எடுத்தோம். எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேப்பாங்க. அதை நாங்க சொல்ல மாட்டோம், ஏன்னா எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி.”

தலைமைப் பொறியாளருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் மேசைக்கு வந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன மாற்றினோம் என்று கேட்டார். காய்ச்சல் சார் என்றேன். கோபித்துக்கொள்வார், எல்லாம் வெளியே வந்துவிடும், ஒரு வழியாக நிம்மதி என்று நான் காத்திருந்தேன். அவரோ முகமெல்லாம் மலர்ந்து, “அப்போ வண்டியில கையே வைக்காம குறைக்கலாம்” என்றார்.

அடுத்த வாரம் இலகுவாக்கல் பிரிவு தொடங்கப்பட்டது. நாலு அதிகாரிகள், ஒரு அறை, ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் ஒன்று. பயில்வானுக்கு உதிரிபாக எண் கொடுத்தார்கள். நூற்றுப் பதினாறு இடப்பக்கக் கண்ணாடி, நூற்றுப் பதினேழு பயில்வான், நூற்றுப் பதினெட்டு ஸ்டெப்னி. வரைபடத்திலும் அவரைச் சேர்த்தார்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி பக்கவாட்டுத் தோற்றம். வயிற்றைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, ‘இது அவசியமா?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “என்னையும் கழட்டி மாட்டுவாங்களா தம்பி?” என்று கேட்டார் பயில்வான். அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது அண்ணே என்றேன்.

மூன்றாவது முன்மாதிரிக்கு முடியை மழித்தார்கள், செருப்பில்லாமல் ஓட்டச் சொன்னார்கள். நான்காவதற்கு வெள்ளரிக்காயும் சூப்பும் மட்டும். ஐந்தாவதில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அது நல்ல பல். இரண்டே கிராம்தான் இருந்தது என்றாலும், இரண்டு கிராமில் அலட்சியம் காட்டுகிறவன் இரண்டு கிலோவிலும் காட்டுவான் என்று தலைவர் பேசினார். பல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். கீழே ‘முன்மாதிரி 5: மூலப்பொருள் புரட்சி’ என்று எழுதியிருக்கிறது.

பயில்வானின் மனைவிக்குப் பேக்கரியில் வேலை. நான் அவரை அண்ணி என்பேன். இலகுவாக்கல் பிரிவுக்கு அவர் பெரிய தலைவலி. மாவும் வெண்ணெயுமாக மணக்கிற ஆள் ஒருவர் வீட்டுக்குள் தினமும் வந்து போவது பாகத்தின் நிலைத்தன்மைக்கு உகந்ததல்ல என்று அறிக்கை எழுதினார்கள். ஓர் அதிகாரி வீட்டுக்கே போய், அலமாரிகளை மோந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். வேலை முடிந்ததும் வேறு எங்காவது குளித்துவிட்டு வீட்டுக்கு வர முடியுமா என்றும் அண்ணியிடம் கேட்டிருக்கிறார். அண்ணி அவருக்கு ஒரு பன்னைக் கொடுத்து அனுப்பினார். அதிகாரி அதைத் தெருமுனையில் நின்று சாப்பிட்டதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இதற்கிடையே வண்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஏதாவது வந்துகொண்டிருந்தது. தலைவரின் முகம் பதித்த பித்தளைச் சின்னம். தோல் உறை. குளிர்பானம் வைக்க ஒரு குட்டிப் பெட்டி, அதற்கு இன்னொரு பேட்டரி. பயில்வான் மூன்று கிலோ இளைத்தால் வண்டி இரண்டு கிலோ பருக்கும். மிச்சம் ஒரு கிலோவுக்கு நாங்கள் கைதட்டுவோம். அந்த மனிதர் உடம்பை உருக்கித் தலைவரின் மூக்கையும் மீசையையும் பித்தளையில் சுமந்துகொண்டிருந்தார். கழித்தல் தெரிந்த ஆள் அந்தக் கொட்டகையில் நான் ஒருவன்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது முன்மாதிரியின்போது தலைமைப் பொறியாளர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். மனிதனுக்கு இரண்டு இருப்பதாக ஏதோ புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆலோசனைக் கூட்டத்தில் அவர் சொன்னதை நான்தான் பதிவு செய்தேன். “ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு சும்மா ஸ்டெப்னி மாதிரி இருக்கு. நாம ஸ்டெப்னியையே எடுத்துட்டோமே, இதுல என்ன தயக்கம்?” தயக்கம் யாருக்கும் இருக்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் அண்ணியை வரச் சொன்னார்கள்.

அண்ணி வந்தார். படிவத்தை முழுக்கப் படித்தார். பேனாவைத் தொடவில்லை. “நான் கட்டிக்கிட்டது எண்பத்தி நாலு கிலோ மனுஷனை. இப்ப வீட்டுல அம்பத்தி ஏழுதான் இருக்கு. மிச்சத்தை எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்” என்றார். இலகுவாக்கல் பிரிவின் மூத்த அதிகாரி, வீட்டார் ஒத்துழைப்பு குறைவு என்று குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கேட் பக்கத்தில் நின்று அண்ணி அவரோடு சண்டை போட்டது எனக்குக் கேட்டது. விட்டுவிட்டு வந்துவிடுங்கள், லாரி ஓட்டியபோது நன்றாகத்தானே இருந்தீர்கள் என்றார். பயில்வான் அந்தச் சாலையைப் பார்த்தபடி, இன்னும் ஒன்றே ஒன்று, அடுத்ததோடு முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு முன்மாதிரியின்போதும் அவர்கள் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாவது முன்மாதிரி. பயில்வான் ஐம்பத்தொரு கிலோ. மேடை ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது காட்டியது. அந்த வாரமே நம்பமுடியாத ஒன்று நடந்தது. வாங்குவதற்கு ஓர் ஆள் வந்தார்.

நல்ல ஆகிருதியான மனிதர். பார்க்கிற எதையும் தட்டிப் பார்த்துச் சிரித்தார். தோல் உறையைத் தட்டினார், குளிர்பெட்டியைத் தட்டினார், தலைமைப் பொறியாளரின் முதுகையும் தட்டினார். ஓட்டிக் காட்டுங்கள் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் பயில்வானைப் பார்த்தேன். பெட்ரோல் முழுக்க நிரப்பப்பட்டது, கேட் திறக்கப்பட்டது. பயில்வான் வெறுங்காலோடு நடந்து வந்தார். மொட்டைத் தலையைத் தடவிவிட்டுக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. கிளட்ச்சை மிதித்தார். கிளட்ச் இறங்கவில்லை.

எங்கள் வண்டியின் கிளட்ச் ஓர் ஆள் ஏறி நின்று அழுத்துவது மாதிரி அழுத்தினால்தான் இறங்கும். ஐந்தாவது முன்மாதிரிவரை அவர் அதை அலட்சியமாக மிதிப்பார். எட்டாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். ஒன்பதாவதை எடைமேடைக்கு மூன்று பேர் தள்ளித்தான் கொண்டுபோயிருந்தோம், பெடல் வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டோம். இப்போது இரண்டு காலையும் ஒன்றாக வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து எக்கி மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பெடல் ஒரு விரற்கடை இறங்கி, அவரையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டது. அதை ஓட்டுவதற்காகவே இளைத்தவரிடம் அதை ஓட்டத் தேவையான கனம் மிச்சமில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்தவர் நல்ல மனிதர். நகருங்கள், நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரே மிதியில் கிளட்ச்சை இறக்கினார். வண்டி எடைமேடைக்குப் பக்கத்தில்தான் நின்றது. தலைவர் கொஞ்சம் மேடைவரை வரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். மேடை ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தாறு காட்டியது. தலைவரின் முகம் வெளிறிப்போனது. முதல் முன்மாதிரியைவிட ஐம்பத்தாறு கிலோ அதிகம். பதினோரு வருடத்தை அந்த மனிதர் ஒரே உட்காரலில் ரத்து செய்துவிட்டார்.

தலைவரும் தலைமைப் பொறியாளரும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தலைவர் வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வண்டியில ஒரு குறையும் இல்ல. வாடிக்கையாளர்தான் இன்னும் அந்த நிலைக்கு வளரல. நீங்க அடுத்த முன்மாதிரியா வாங்க, கண்டிப்பாத் தர்றோம்.” வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் வந்த வண்டி தூரத்தில் மறையும்வரை பயில்வான் கேட்டருகே நின்றார்.

பத்தாவது முன்மாதிரிக்கு வழி கிடைத்துவிட்டதாக மறுநாளே அறிவித்தார்கள். ஓட்டுநரை நீக்கிவிடுவது. ஒரே அடியில் ஐம்பத்தொரு கிலோ குறைப்பு. ஓட்டுநர் இல்லாவிட்டால் அது எப்படி ‘ஓட்டும் நிலையில்’ ஆகும் என்று நான் கேட்டேன். பதினோரு வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது. ஓட்டுநர் இல்லாததும் ஒரு நிலைதானே என்றார் தலைமைப் பொறியாளர். எல்லோருமாகச் சேர்ந்து வண்டியை எடைமேடையில் தள்ளி நிறுத்தினோம். அதை அங்கிருந்து ஓட்டிப்போக ஆளில்லாததால் அங்கேயே நின்றுவிட்டது.

பயில்வானுக்கான கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். ‘தங்கள் பாகம் பத்தாவது முன்மாதிரியில் நீக்கப்படுகிறது. நீக்கப்பட்ட எடை: 51.000 கிலோ. மேற்படி எடை சரியென ஏற்றுக் கையொப்பமிடவும்.’ அவர் பேக்கரியில் அண்ணியின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, எழுந்துபோய் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார்.

“ஐம்பத்தொண்ணு எழுநூறு இருக்கேன் தம்பி. தப்பான எடைக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அதில் நியாயம் இருந்தது. திருத்திக் கொண்டுவரக் கொட்டகைக்குப் போனேன். குழு கூடித் திருத்த மூன்று நாளானது. திருத்திய கடிதத்தோடு போனபோது அவர் ஐம்பத்து மூன்று கிலோ. மறுபடி திரும்பினேன். கையெழுத்து வரும்வரை பாகம் நீக்கப்பட்டதாகாது என்பதால் அவர் பதிவேட்டில் ஊழியராகவே இருந்தார். நான்காவது தடவை ஐம்பத்தெட்டு. இனி அவர் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டே தலைவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குறைப்பு ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டாகிவிட்டதா என்று கேட்டார். அப்படியும் சொல்லலாம் என்றேன்.

அன்று அவர் ஆற்றிய உரை அச்சில் இருக்கிறது. “மத்த நிறுவனங்கள் ஒரு தடவை குறைச்சிட்டு நிறுத்திடும். நம்ம பத்தாவது முன்மாதிரி தினமும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. வண்டியோட எடை என்னன்னு யாருக்கு வேணும்? எவ்வளவு குறைச்சோம்கறதுதான் வரலாறு.”

இலகுவாக்கல் பிரிவே இப்போது வாரம் இரண்டு முறை பேக்கரிக்கு வந்து, பாகம் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று விசாரித்தது. முன்பு அலமாரியை மோந்து பார்த்த அதே அதிகாரி, வெண்ணெய் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். பயில்வானுக்குத் தலைமுடி வந்தது. கன்னம் வந்தது.

எண்பது கிலோவானதும், முழு ஓட்டுநரை நீக்கியதாக அதிகாரபூர்வமாக அறிவிக்கும் வேளை வந்துவிட்டதென்று முடிவெடுத்தார்கள். நீக்குவதற்கு ஒருமுறை முறைப்படி மாட்டவேண்டும், மாட்டிய எடையில் கழற்றிய எடையைக் கழித்தால்தான் சான்றிதழ் செல்லும். எனவே அவர் எடைமேடையில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து, பிறகு இறங்க வேண்டும். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அண்ணியும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். தலைவர் உள்ளே உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் கைதட்டலை ஒத்திகை பார்த்தார்கள். முற்றத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

பயில்வான் உட்கார்ந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது, எடுத்தால் எடை மாறிவிடும் என்று யாரும் எடுத்திருக்கவில்லை. அவர் காலை நீட்டி, என்னவோ தூசியைத் தட்டுவது மாதிரி கிளட்ச்சை மிதித்தார். அது அடிவரை போயிற்று. காலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, கேட் திறந்திருக்கா?”

பூட்டியிருந்தது. “திறந்திருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் திறந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணி பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மேடை ஆயிரத்து முந்நூற்று எண்பது காட்டியது. எங்கள் வரலாற்றிலேயே அதிகமான எடை அதுதான். அடுத்த நொடி என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். சாலையில் முன்னால் ஒரு பேருந்தும் இரண்டு கார்களும் ஒரு சைக்கிளும் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் பின்னால் இருந்தன. அண்ணியின் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, அந்த உறுமலில் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கைதட்டவும் தோன்றியது. தட்டினேன். பதினோரு வருடத்தில் யாரும் சொல்லாமல் நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். எடைமேடை காலியாக இருந்தது. தலைமைப் பொறியாளர் எண்ணைப் பார்க்கும்படி தலைவருக்குச் சைகை காட்டினார். தலைவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோராவது முன்மாதிரி, எடை பூஜ்யம். இதைவிட இலகுவான வண்டியை உலகத்தில் எவனும் செய்யமுடியாது என்றார். கேக் வெட்டினார்கள். நான் படிவத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்.

திருட்டுப் புகார் கொடுக்கலாமா என்று மறுநாள் ஒருவர் கேட்டார். கொடுத்தால் காணாமல் போனதற்கு எடை இருந்தது என்று எழுதிக்கொடுக்க வேண்டும், அது பரிணாமத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

இப்போது பன்னிரண்டாவது முன்மாதிரிக்கு வேலை நடக்கிறது. பூஜ்யத்திலிருந்து எப்படிக் குறைப்பது என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள், நீண்டகால அனுபவம் உள்ளவன் என்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நேற்று முதல் கூட்டம். தேநீர் வந்தது. எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் வைத்துவிட்டு, தலைமைப் பொறியாளர் என் எடை எவ்வளவு என்று கேட்டார்.